அதிசயம் கட்டுவதா, ஊரைக் கட்டுவதா?

இன்னும் இரண்டே டர்ன். தலைநகரில் கிரேட் லைப்ரரி முடியப்போகிறது. இருபது டர்னுக்கும் மேலாக அந்த ஊர் வேறு எதையும் கட்டவில்லை. தானியக் களஞ்சியம் இல்லை, இரண்டாவது ஊர் இல்லை, காவலுக்கு இருப்பது ஒரே ஒரு வாரியர். ஆட்டக்காரர் 'நெக்ஸ்ட் டர்ன்' பொத்தானை அமுக்குகிறார். எங்கோ ஒரு தூர தேசத்தில் கிரேட் லைப்ரரி கட்டி முடிக்கப்பட்டுவிட்டது என்று திரையில் ஒரு செய்தி வருகிறது.

போச்சு!

'சிவிலைசேஷன் 5' ஆடியவர்களில் அந்தச் செய்தியைப் பார்த்து ஒருமுறையாவது தலையில் கைவைக்காதவர் யாரும் இருக்கமாட்டார்கள். அதற்கப்புறம் பெரும்பாலோர் செய்யும் காரியமும் ஒன்றுதான். பழைய சேவ் ஃபைலைத் திறந்து, ஐந்தாறு டர்ன் பின்னால் போய், பக்கத்துக் காட்டில் இரண்டு மரங்களை வெட்டிப் போட்டு, இந்த முறை எப்படியாவது முந்திவிடுவது. முந்தியும் விடுகிறார்கள். அழகான ஓவியம் திரையில் விரிகிறது, கம்பீரமான குரல் ஒன்று ஒரு மேற்கோளைப் படிக்கிறது, ஆட்டக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. ஆனால் முதல் தடவை தோற்றதற்குக் காரணம் இரண்டு டர்ன் தாமதம்தானா? இருபது டர்னுக்கு முன்னால் எடுத்த முடிவே தவறாக இருந்திருக்கக்கூடாதா? சேவ் ஃபைலைத் திறக்கும் அவசரத்தில் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. சிட் மெய்யர் 1991-ல் கொண்டுவந்த ஆட்டத்தின் வாரிசு இது. ஐந்தாம் பதிப்பு 2010-ல் வந்தது, அதற்கான கடைசிப் பெரிய இணைப்பான 'பிரேவ் நியூ வேர்ல்ட்' 2013-ல். ஆறும் (2016) ஏழும் (2025) வந்த பிறகும் ஐந்தை விடாமல் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். கி.மு. 4000-ல் ஒரு செட்லரும் ஒரு வாரியரும் கையில் இருப்பார்கள். செட்லரை வைத்து முதல் ஊரை அமைக்கலாம். அந்த ஊரில் வீடு வாசல், கோயில் குளம் என்று கட்டிக்கொண்டே போய், பல ஊர்களாக்கி, நாடாக்கி, விண்வெளிக்கு ராக்கெட் விடுவது வரை ஆட்டம் போகும். ஊரில் கட்டுகிற கட்டடங்களில் பெரும்பாலானவை சாதாரணமானவை. எத்தனை ஊரில் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். 'வொண்டர்' எனப்படும் உலக அதிசயங்கள் அப்படியில்லை. உலகத்துக்கே ஒன்றுதான். யார் முதலில் முடிக்கிறாரோ அவருக்கு. பின்தங்கியவருக்கு, போட்ட உழைப்புக்கு ஈடாகக் கொஞ்சம் தங்கம் வரும். அது கல்யாண வீட்டில் சாப்பாடு தீர்ந்த பிறகு போனவருக்குத் தாம்பூலப் பை கொடுத்து அனுப்புகிற மாதிரிதான்.

எந்த அதிசயத்தை முதலில் கட்டுவது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். லைப்ரரிதான் முதலில் என்பார் ஒருவர். பிரமிடு இல்லாமல் ஆடவே முடியாது என்பார் இன்னொருவர். தொங்கும் தோட்டம், ஆரக்கிள், ஸ்டோன்ஹெஞ்ச் என்று பட்டியல் நீளும். இந்தப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் ஒரே குறை உண்டு. அதிசயம் என்ன தரும் என்று பார்த்துத்தான் இவை வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. அதைக் கட்டுகிற நேரத்தில் எது கட்டப்படாமல் போகிறது என்ற கணக்கு எதிலும் இல்லை.

அந்தக் கணக்கை லைப்ரரியை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.

ஆட்டத்தில் உற்பத்தியின் அளவை ஹாமர் என்று சொல்வது வழக்கம் (திரையில் குட்டிச் சுத்தியல் படம் போட்டிருப்பதால்). பிரேவ் நியூ வேர்ல்ட் இணைப்போடு, சாதாரண வேகத்தில் ஆடும்போது கிரேட் லைப்ரரியின் விலை 185 ஹாமர். ஒரு செட்லர் 106. சாதாரண நூலகம் 75. இரண்டையும் கூட்டினால் 181. அதாவது கிரேட் லைப்ரரி ஒன்றின் விலையில் ஒரு நூலகத்தையும் ஒரு புது ஊரையும் வாங்கிவிடலாம், நாலு ஹாமர் மிச்சமும் இருக்கும்.

லைப்ரரியின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். அது தன்னோடு ஒரு சாதாரண நூலகத்தை இலவசமாகக் கொண்டுவருகிறது. அந்த 75-ஐக் கழித்தால் மீதி 110. அந்த 110-க்கு ஒரு தொழில்நுட்பம் இலவசம், டர்னுக்கு 3 சயின்ஸ் இலவசம். மோசமான வியாபாரம் என்று யாரும் சொல்லமுடியாது. ஒரு செட்லரின் விலைக்கு இவ்வளவு கிடைக்கிறது என்றால் ஆசை வரத்தான் செய்யும்.

சிக்கல் எங்கே என்றால், இந்தக் கணக்கு லைப்ரரி கட்டாயம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஆட்டத்தின் தொடக்கத்தில் தலைநகரம் டர்னுக்கு ஏழெட்டு ஹாமர் தந்தாலே பெரிய விஷயம். எட்டு என்றே வைத்தாலும் 185-க்கு 23 டர்ன் ஆகும். பாதி ஆட்டங்களில்தான் முந்த முடிகிறது என்றால், கிடைத்த ஒரு லைப்ரரிக்குப் பின்னால் கிடைக்காத இன்னொரு லைப்ரரியின் செலவும் இருக்கிறது. தோற்ற ஆட்டத்தில் போனது ஹாமர் மட்டுமில்லை. 23 டர்னும் போய்விட்டது. கையில் வந்த தங்கத்தைக் கொடுத்து அந்த டர்ன்களைத் திரும்ப வாங்க முடியாது.

முந்துவது சாத்தியமா இல்லையா என்பதை ஆட்டத்தின் கடின நிலை முடிவு செய்கிறது. பிரின்ஸ் நிலையில் கணினி எதிரிகளும் மனிதரும் ஏறக்குறைய சமம். அங்கே லைப்ரரியைத் தாராளமாகக் கட்டலாம். மேலே ஏற ஏறக் கணினிக்குச் சலுகைகள் கூடிக்கொண்டே போகும். உச்சியில் இருக்கும் டெய்ட்டி நிலையில் ஒவ்வொரு எதிரியும் இரண்டு செட்லரோடும், சில தொழில்நுட்பங்களோடும் ஆட்டத்தைத் தொடங்குகிறார். அவர் எதைக் கட்டினாலும் சலுகை விலைதான். அவரோடு தொடக்கத்திலேயே பந்தயம் ஓடுவது, பத்து மீட்டர் முன்னால் நிற்கிறவரோடு நூறு மீட்டர் ஓடுகிற கதை. பட்டியல் போடுகிறவர்கள் எந்த நிலையில் ஆடிப் பட்டியல் போட்டார்கள் என்பதைச் சொல்வதே இல்லை. பிரின்ஸில் போட்ட பட்டியலை இம்மார்ட்டலில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் ஏராளம்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. அதிசயம் ஒரு பந்தயம் என்பதை ஆட்டம் சத்தம் போட்டுச் சொல்கிறது. செய்தி வருகிறது, படம் வருகிறது, இசை வருகிறது. ஆனால் அதே நேரத்தில் இன்னொரு பந்தயமும் நடந்துகொண்டிருக்கிறது. அது நிலத்துக்கான பந்தயம். ஆற்றோரமாக, மலையடிவாரத்தில், பக்கத்தில் இரண்டு சொகுசுப் பொருள்களோடு ஒரு நல்ல இடம் காலியாக இருக்கிறது. தலைநகரம் லைப்ரரியை முட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து நாட்டுச் செட்லர் ஒருவர் மெல்ல நடந்துவந்து அங்கே ஊர் அமைத்துவிடுகிறார். அப்போது இசையும் இல்லை, சோகப் படமும் இல்லை. நீங்கள் ஒரு ஊரைத் தோற்றுவிட்டீர்கள் என்று ஆட்டம் சொல்வதே இல்லை. சொல்லாததால் அது தோல்வி மாதிரியே தெரிவதில்லை. ஆனால் நூறு டர்ன் கழித்துப் பார்த்தால் அந்த ஊர் இருந்திருந்தால் வந்திருக்கும் சயின்ஸும் தங்கமும் லைப்ரரி தந்த 3 சயின்ஸைப் பல மடங்கு தாண்டியிருக்கும்.

ஊரை அமைத்துக்கொண்டே போவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பது வேறு விஷயம். ஒவ்வொரு புது ஊரும் மூன்று புள்ளி அதிருப்தியைக் கொண்டுவரும், ஆளுக்கு ஒன்று தனி. சாதாரண அளவு வரைபடத்தில் ஊருக்கு 5 சதவீதம் வீதம் தொழில்நுட்பத்தின் விலையும் ஏறும். அதனால்தான் அனுபவசாலிகள் பலர் நாலு ஊரோடு நிறுத்திக்கொண்டு அவற்றை வளர்க்கிறார்கள். ஆனால் அந்த நாலும் சீக்கிரம் வரவேண்டும். லைப்ரரிப் பந்தயத்தில் பலியாவது அந்த இரண்டாவது ஊரும் மூன்றாவது ஊரும்தான், ஏழாவது ஊர் இல்லை.

அப்படியானால் அதிசயமே கட்டக்கூடாதா? அப்படி இல்லை. பந்தயமே இல்லாத அதிசயம் ஒன்று இருக்கிறது, அதை ஏனோ யாரும் கொண்டாடுவதில்லை. நேஷனல் காலேஜ். இது உலக அதிசயம் இல்லை, தேசிய அதிசயம். ஒவ்வொரு நாடும் தனக்கென ஒன்று கட்டிக்கொள்ளலாம். வேறு யாரும் பறித்துக்கொண்டு போக முடியாது. எல்லா ஊரிலும் நூலகம் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஊர்கள் கூடக் கூட விலை ஏறும் என்பதால் மூன்று நாலு ஊரோடு இதைக் கட்டிவிடுவது நல்லது. கட்டிய ஊரில் சயின்ஸ் 50 சதவீதம் கூடுகிறது, மேலே 3 சயின்ஸ் தனியாக. ஆரம்பத்தில் வருகிற வேறு எந்த அதிசயமும் அறிவியலுக்கு இவ்வளவு செய்வதில்லை. ஆனால் இதற்குத் தூர தேசத்தில் போட்டியில்லை, ஜெயித்த திருப்தியும் இல்லை. அதனாலேயே லைப்ரரிக்காக உயிரை விடுகிறவர் காலேஜை அறுபதாவது டர்னில் கட்டவேண்டியிருக்க, நூற்றிருபதில் கட்டுகிறார். மனித மனசு!

பந்தயம் உண்டு, ஆனால் ஓடுகிறவர்கள் குறைவு என்ற வகையும் இருக்கிறது. பெட்ரா அதற்கு நல்ல உதாரணம். விலை 250 ஹாமர், கரன்சி தொழில்நுட்பம் வேண்டும், ஊர் பாலைவனத்திலோ அதை ஒட்டியோ இருக்கவேண்டும். கட்டிவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் வேலை செய்யும் ஒவ்வொரு பாலைவனக் கட்டத்திலும் ஒரு உணவும் ஒரு ஹாமரும் கூடும் (ஆற்று வெள்ளப் படுகைகளுக்கு மட்டும் கிடையாது). பாலைவனக் குன்று ஒன்றில் சுரங்கம் போட்டால் சாதாரணமாக மூன்று ஹாமர் வரும், உணவு சைபர். பெட்ரா வந்ததும் அதே குன்று நாலு ஹாமரும் ஒரு உணவும் தருகிறது. யாரும் சீந்தாத வறண்ட இடம் நாட்டிலேயே சிறந்த ஊராகிவிடுகிறது. பாலைவனத்தில் ஊர் இல்லாதவர் பெட்ராவைத் தொடவே முடியாது என்பதால் போட்டியாளர்களில் பாதிப் பேர் தானாகவே கழிந்துவிடுகிறார்கள்.

இதிலும் ஏமாறுகிறவர்கள் உண்டு. ஊரைச் சுற்றிப் பத்துப் பாலைவனக் கட்டம் இருக்கிறது என்றால் பத்து உணவும் பத்து ஹாமரும் வரும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கட்டத்தில் வேலை செய்ய ஆள் வேண்டாமா? ஊரில் நாலு பேர் இருந்தால் நாலு கட்டத்துக்குத்தான் பலன். அதோடு குன்றே இல்லாத வெறும் மணல்வெளி என்றால் 250 ஹாமரை அந்த ஊர் எங்கிருந்து கொண்டுவரும்? தலைநகரிலிருந்து உணவு வணிகப் பாதை போட்டு ஆளை முதலில் பெருக்கிவிட்டு, அப்புறம் பெட்ராவில் கை வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இங்கே ஒரு வேடிக்கை. உண்மையான பெட்ராவின் கதை இதற்கு நேர் தலைகீழ். இன்றைய ஜோர்டானில் இருக்கும் அந்த ஊரை நபாட்டியர்கள் பாறையில் குடைந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாறையைக் குடைந்ததால் அவர்கள் பணக்காரர்களாகவில்லை. சாம்பிராணியும் வாசனைப் பொருளும் சுமந்துவந்த ஒட்டக வணிகத்தாலும், அபூர்வமாகப் பெய்யும் மழையைத் தொட்டியிலும் கால்வாயிலும் பிடித்துவைத்த கெட்டிக்காரத்தனத்தாலும் முதலில் பணம் வந்தது. முகப்புகளும் கல்லறைகளும் அந்தப் பணத்தில் எழுந்தவை. கி.பி. 106-ல் ரோமாபுரி அந்த நாட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அலெக்ஸாண்டிரியாவும் அப்படித்தான். கி.மு. 331-ல் அலெக்சாண்டர் அமைத்த ஊர், நைல் நதியின் தானியமெல்லாம் வந்து இறங்கும் தலைநகராகி, தாலமி மன்னர்களின் கஜானா நிரம்பிய பிறகுதான் அங்கே அந்த நூலகம் வந்தது. ஆட்டத்தில் மட்டும்தான் மூன்று குடிசையும் ஒரு வாரியரும் உள்ள ஊர் கி.மு. 2500 வாக்கில் உலகத்தின் மிகப்பெரிய நூலகத்தைக் கட்டுகிறது :)

ஏழாம் பதிப்பில் சோழர்களும் வருகிறார்கள், தஞ்சைப் பெரிய கோயிலும் ஓர் அதிசயமாக வருகிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-ல், கோயிலைக் கட்டி முடித்தது 1010-ல். இடையில் சேர, பாண்டிய நாடுகளும் ஈழத்தின் வடபகுதியும் கைக்கு வந்தன, காவிரிச் சமவெளியின் நில வரி ஒழுங்காகியிருந்தது. அந்த வருவாய் இல்லாமல் அந்த விமானம் இல்லை. கோயிலும் சும்மா நிற்கவில்லை. ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தது, விளக்குக்கு நெய் வர ஆடுகளை ஒப்படைத்தது, நூற்றுக்கணக்கானவர்களுக்குப் படி அளந்தது. எல்லாம் அங்கேயே கல்வெட்டில் இருக்கிறது.

ஆட்டம் சரித்திரப் பாடம் இல்லை, அது இப்படித்தான் இருக்கவேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் கடின நிலைகளில் ஜெயிக்கிறவர்களின் ஆட்டத்தைக் கவனித்தால் அவர்கள் அறிந்தோ அறியாமலோ சரித்திரத்தின் வரிசையிலேயே போகிறார்கள். முதலில் ஊர்கள், வயல்கள், நூலகங்கள். உபரி வந்த பிறகு அதிசயம். ஆட்டமும் அதற்கு ஒத்துழைக்கிறது. கணினிக்குக் கொடுத்த தொடக்கச் சலுகையின் பலன் ஆரம்பத்தில்தான் உச்சத்தில் இருக்கும். நன்றாக ஆடுகிற மனிதர் மெல்ல மெல்ல எட்டிப் பிடித்துவிடுகிறார். இடைக்காலம் வந்ததும் பந்தயம் சமமாகிறது, மறுமலர்ச்சிக் காலத்தில் மனிதர் முந்துகிறார். ஆரம்பத்தில் கைவிட்ட ஒரு லைப்ரரிக்குப் பதிலாகப் பின்னால் மூன்று அதிசயங்கள் வந்து சேர்கின்றன.

அந்த மூன்றில் ஒன்றாக நோத்ர தாம் இருக்கவேண்டும். இதை மட்டும் அடித்துச் சொல்லலாம். 300 ஹாமருக்குப் பத்து மகிழ்ச்சிப் புள்ளிகள். ஐந்தாம் பதிப்பில் மகிழ்ச்சிதான் மக்கள்தொகையின் கடிவாளம். பத்துப் புள்ளி என்றால் நாட்டில் இன்னும் பத்துப் பேர் பிறக்கலாம் என்று அர்த்தம். இதே பத்தைக் கொலோசியம் கட்டிப் பெறவேண்டுமென்றால் ஐந்து ஊரில் ஐந்து கொலோசியம், ஒன்றுக்கு 100 வீதம் 500 ஹாமர். பராமரிப்புச் செலவு தனி. அதிசயத்துக்குப் பராமரிப்பே கிடையாது. வேறு வழியிலும் வாங்கக்கூடிய ஒன்றை அதிசயம் மலிவாகத் தருகிறதா என்று பார்ப்பது நல்ல உரைகல். நோத்ர தாம் அதில் தேறுகிறது. தொடக்கத்து அதிசயங்கள் பல தேறுவதில்லை. பிரமிடையே எடுத்துக்கொள்ளலாம். 185 ஹாமருக்கு இரண்டு வொர்க்கர் இலவசம், வொர்க்கர்களின் வேலை 25 சதவீதம் வேகம். வொர்க்கர் ஒருவர் 70 ஹாமர்தான், இரண்டு பேர் 140. மீதி 45 ஹாமருக்கு அந்த வேகம் கிடைப்பது லாபம்தான். ஆனால் 185 ஹாமரும் முடியும்வரை ஒரு வொர்க்கரும் வரமாட்டார், வயல் காய்ந்துகிடக்கும். தனித்தனியாகக் கட்டியிருந்தால் முதல் வொர்க்கர் பத்துச் சொச்சம் டர்னில் வேலைக்குப் போயிருப்பார். லாபம் எவ்வளவு என்பதோடு எப்போது கைக்கு வருகிறது என்பதும் விலைதான்.

கிரேட் எஞ்சினியரைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. அவரை ஓர் அதிசயத்துக்குச் செலவிட்டால் 300 ஹாமரும், ஊரில் இருக்கும் ஆளுக்கு 30 வீதமும் ஒரே டர்னில் வந்து விழும். பன்னிரண்டு பேர் உள்ள ஊரில் 660. அந்தக் காலத்து அதிசயம் எதுவும் அதற்குமேல் போகாது. பந்தயமே முடிந்துபோகிறது. ஆகவே அவரை, போட்டி கடுமையாக இருக்கும் ஒன்றுக்காகக் காக்கவைக்கவேண்டும். பலர் அவர் பிறந்த அன்றைக்கே, கட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றில் தள்ளிவிடுகிறார்கள்! இதில் ஒரு மறைமுகச் செலவும் இருக்கிறது. எஞ்சினியர், விஞ்ஞானி, வணிகர் மூவருக்கும் கணக்கு ஒன்றே. ஒருவர் பிறந்தால் அடுத்தவருக்கான தேவை மூவருக்கும் சேர்த்து ஏறும். வணிகர் புள்ளி தரும் அதிசயங்களைத் தலைநகரில் அடுக்கினால் பின்னால் பிறக்கவேண்டிய விஞ்ஞானி ஒருவர் தள்ளிப்போகிறார்.

நாலாம் பதிப்பை (2005) ஆடியவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அங்கே பந்தயத்தில் தோற்பதையே தொழிலாக வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். பளிங்கோ கல்லோ கைவசம் இருந்தால் சில அதிசயங்களின் வேலை இரண்டு மடங்கு வேகத்தில் நடக்கும். தோற்றால் போட்ட ஹாமரெல்லாம் தங்கமாகத் திரும்பும், அந்த இரட்டிப்பையும் சேர்த்து. ஆகவே வேண்டுமென்றே பாதி கட்டி நிறுத்திவிட்டு, வேறு யாராவது முடிக்கட்டும் என்று காத்திருந்து காசாக்கிக்கொண்டார்கள். அதற்கு முந்தைய மூன்றாம் பதிப்பில் (2001) இன்னும் சுலபம். ஓர் அதிசயம் கைநழுவினால் அதுவரை சேர்த்த உழைப்பை அப்படியே அடுத்த அதிசயத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஐந்தில் பளிங்கு தருவது 15 சதவீதம்தான், அதுவும் பழங்கால அதிசயங்களுக்கு மட்டும். அந்தத் தொழில் படுத்துவிட்டது.

அடுத்தவர் கட்டிய அதிசயத்தை அடித்துப் பிடுங்குவது என்றும் ஒரு கட்சி இருக்கிறது. வில்லாளி ஒருவர் 40 ஹாமர், லைப்ரரியின் விலையில் நாலு பேர் கிடைப்பார்கள். ஊரைப் பிடித்தால் அதிசயமும் சேர்ந்தே வரும். ஒரு முறை மட்டும் தரும் பரிசு (லைப்ரரியின் இலவசத் தொழில்நுட்பம் போல) வராது, தொடர்ந்து தருகிற பலன்கள் எல்லாம் வரும். இது அதிசயம் கட்டுகிறவருக்கும் எச்சரிக்கை. அவர்கள் ஆசைப்பட்ட அதிசயத்தை ஆட்டக்காரர் கட்டிவிட்டால் கணினி எதிரிகள் அதை மனதில் வைத்துக்கொள்கிறார்கள், உறவில் அது ஒரு கறையாகவே பதிவாகிறது. படை இல்லாத ஊரில் அதிசயம் மட்டும் இருப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் நகையை வெளியே வைத்தது போல.

இவ்வளவு சொன்னாலும் கணக்குக்கு அடங்காத கட்டடங்கள் இருக்கத்தான் செய்யும். ஆறாம் பதிப்பின் 2019 இணைப்பில் மதுரை மீனாட்சி அம்மன் கோயில் வந்தது. அந்தப் பதிப்பில் ஒவ்வோர் அதிசயமும் வரைபடத்தில் ஒரு கட்டத்தை முழுசாக எடுத்துக்கொள்ளும், ஒரு வயலோ சுரங்கமோ போகும். மீனாட்சி கோயிலுக்கோ பக்கத்தில் புனிதத் தலம் இருக்கவேண்டும், சொந்தமாக ஒரு மதத்தை நிறுவியிருக்கவும் வேண்டும். கிடைப்பது இரண்டு குருமார், இனி வரும் குருமாருக்கு விலைக் குறைப்பு, கொஞ்சம் பக்தி, மதப் போட்டியில் சற்றுக் கூடுதல் பலம். மதத்தால் ஜெயிக்க நினைப்பவரைத் தவிர மற்றவருக்கு இது பட்டியலின் அடியில்தான் வரும். ஆனாலும் அந்தக் கோபுரம் கல் கல்லாக எழும்புகிற காட்சியைப் பார்ப்பதற்காகவே நல்ல சுரங்கக் குன்றைப் பக்கத்தில் விட்டுவிட்டுக் கட்டுகிறவர்கள் உண்டு. கேட்டால் சொந்த ஊர் என்பார்கள். பிரின்ஸ் நிலையில் ஆடிக்கொண்டு அப்படிச் செய்கிறவரிடம் போய் ஹாமர் கணக்குப் பேசுவது அநாகரிகம்.

எகிப்தை எடுத்து ஆடுகிறவருக்கும் மேலே சொன்னதில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. ஐந்தாம் பதிப்பில் அதிசய வேலைக்கு எகிப்துக்கு 20 சதவீதம் கூடுதல், பளிங்கு கிடைத்தால் 15, டிரடிஷன் கொள்கையில் அரிஸ்டாக்ரசி எடுத்தால் இன்னொரு 15. மொத்தம் 50. 185 ஹாமர் லைப்ரரி ஏறக்குறைய 124-க்கு முடிந்துவிடும், 23 டர்ன் 16 ஆகும். பக்கத்தில் பளிங்கு, தூரத்தில் எதிரிகள், காலியாக நல்ல இடம் எதுவும் இல்லை என்ற ஆட்டம் அமைந்தால் அவர் தைரியமாக லைப்ரரியில் இறங்கலாம். பன்னிரண்டாவது டர்னில் அந்தச் செய்தி வந்தாலும், சேவ் ஃபைலைத் தேடாமல் செட்லரைத் தொடங்கினால் சரி.